தேவாலா: ஒரு சின்னத் தங்கச் சுரங்கம் தோற்ற கதை

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செய்தியில் தினமும் வரும் ஊர்ப்பெயர்கள் சில உண்டு. சின்னக்கல்லாறு, அவலாஞ்சி, தேவாலா, பந்தலூர். எத்தனை சென்டிமீட்டர் மழை என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். அந்தத் தேவாலாவின் பெயர் 1880-ல் லண்டன் பங்குச் சந்தையில் பேசப்பட்டது. அந்த ஊரையும் சுற்றியிருந்த மலைகளையும் காட்டி அங்கே 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கினார்கள். காகிதத்தில் சேர்ந்த மூலதனம் 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. சில ஆண்டுகளில் எல்லாம் கரைந்துபோனது.

இந்தக் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, வெள்ளைக்காரன் பேராசைப்பட்டு ஏமாந்தான். இன்னொன்று, அங்கே இன்னும் டன் கணக்கில் தங்கம் இருக்கிறது, யாரோ மறைக்கிறார்கள். இரண்டாவதை டீக்கடையில் இப்போதும் கேட்கலாம். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. தேவாலாவில் தங்கம் இருந்தது நிஜம். சோதனைக்கூடத்தில் அந்தக் கல் காட்டிய எண்களும் பெரும்பாலும் நிஜம். அப்படியிருந்தும் சுரங்கம் ஏன் ஓடவில்லை என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் இடம். கூடலூரிலிருந்து பந்தலூர் வழியாக சுல்தான் பத்தேரி போகும் சாலையில், நாடுகாணியைத் தாண்டியதும் தேவாலா. நீலகிரி மாவட்டம்தான், ஆனால் ஊட்டி இருக்கும் பீடபூமிக்கு வெகு கீழே, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், வயநாட்டுத் தரையின் தொடர்ச்சியாக இருக்கும் பகுதி. 1877 வரை மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டில்தான் தென்கிழக்கு வயநாட்டைப் பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால் இந்த நிலத்தின் பழைய உரிமைகள் எல்லாம் மலபார் வழக்கப்படி, ஜன்மிகள் என்ற பரம்பரை நிலக்கிழார்கள் கையில். நிலம்பூர் கோவிலகத்துக்கு இங்கே இருந்த ஜன்ம நிலங்களின் வழக்கு இன்றுவரை கூடலூரை விட்டபாடில்லை. அது தனிக்கதை.

பொன் எடுப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த தொழில் இல்லை. இங்குள்ள பழங்குடிகளான குறும்பர்களும் பணியர்களும் மழை ஓய்ந்த ஓடைகளில் மண் அலசிப் பொன் எடுத்து வந்தார்கள். பணியர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த காலம் அது. அலசியது அவர்கள், பொன் போனது நிலம் வைத்திருந்தவர்களுக்கு. கருவி ஒன்றுதான்: நடுவில் குழிந்த மரத்தட்டு. மலையாளக் கரையில் மரவி என்பார்கள். ஓடையில் முழங்கால் தண்ணீரில் குந்தி, தட்டில் மண்ணை அள்ளி, நீருக்குள் வைத்து ஒரு சுழற்று. களிமண் கலங்கி ஓடிவிடும். பிறகு மணல், அப்புறம் கனமான கறுப்பு மணல். கடைசிச் சுழற்றில் கறுப்பு மணலின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு நின்றால் அன்றைக்குக் கூலி உண்டு. தங்கத்தின் எடை தண்ணீரைப்போல் 19 மடங்கு, மணல் இரண்டரை மடங்குதான். இந்த வித்தியாசம் ஒன்றை வைத்தே அத்தனை தொழிலும் நடந்தது.

ஓடையோடு அவர்கள் நிற்கவும் இல்லை. மலைச் சரிவில் வெளியே தெரியும் வெங்கச்சங்கல் பாளங்களைத் தொடர்ந்து போய்க் குழி வெட்டியிருக்கிறார்கள், கல்லை உடைத்து இடித்து அலசியிருக்கிறார்கள். வெங்கச்சங்கல் என்று நம் ஊர்களில் சொல்வதைத்தான் புவியியலில் குவார்ட்ஸ் என்கிறார்கள். தங்கம் அதற்குள் நூலாகவும் துகளாகவும் இருக்கும். இந்தக் கல் பாளத்துக்கு ஆஸ்திரேலியச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் ரீஃப். இந்தப் பக்கத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே ஐரோப்பியர் வந்து பார்த்தபோது தேவாலாவைச் சுற்றிய மலைகள் ஏற்கெனவே துளைபோட்டுக் கிடந்தன. இந்தத் துளைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை மறுபடி இங்கேதான் வரப்போகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஆரம்பத்திலேயே மோப்பம் பிடித்தது. மலபார் கலெக்டர் ஷெஃபீல்டு 1831-ல் சென்னைக்கு நீண்ட அறிக்கை அனுப்பினார். அதன்மேல் நிக்கல்சன் என்ற ராணுவ லெப்டினன்டை அனுப்பித் தேடச் சொன்னார்கள். காய்ச்சலோடு போராடியதுதான் மிச்சம். பெரிய அளவில் செய்தால் கட்டுப்படியாகாது என்று 1833 வாக்கில் கோப்பை மூடினார்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பல லட்சம் பவுண்டு செலவழித்துக் கண்டுபிடித்ததும் இதையேதான்.

1860-களில் ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் பழகியவர்கள் வயநாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். விக்டோரியாவில் தங்கம் தேடியவர்களுக்குச் சிவந்த மண்ணுக்கு மேல் வெள்ளைக் கல் துருத்திக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. 1874-ல் ஆல்ஃபா தங்கக் கம்பெனி தேவாலாவுக்குப் பக்கத்தில் வேலையைத் தொடங்கியது. கிரேக்க எழுத்து வரிசையில் முதல் எழுத்தைப் பெயராக வைத்ததிலேயே அவர்கள் எதிர்பார்ப்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு ரீஃபுக்கு மண்டையோட்டு ரீஃப் என்றே பெயர். பழைய குழிகளில் மண்டையோடு கிடைத்ததால் வந்த பெயர் என்பார்கள். சரிந்த மண்ணில் சிக்கிச் செத்தவர்களுடையதாக இருக்கலாம். அவர்கள் பெயரோ கணக்கோ எந்தப் பேரேட்டிலும் இல்லை.

1875-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்து எழுதினார். ரீஃப்களில் பொன் இருக்கிறது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆல்ஃபா பெரிதாக எதுவும் சம்பாதிக்கவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் கதை இதோடு முடிந்திருக்கும். ஒரே ஒரு சின்னக் கம்பெனி, சுமாரான கல், நாலைந்து வருஷத்தில் பூட்டு. முடியாமல் போனதற்குக் காரணம் தங்கம் இல்லை, காப்பி.

வயநாடு அப்போது காப்பித் தோட்டம். தண்டு துளைப்பான் வண்டு ஒரு பக்கம் செடியைக் குடைந்துகொண்டிருந்தது. 1869-ல் இலங்கையில் கண்ட இலைத்துரு நோய் அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பக்கமும் தாண்டி வந்தது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி, அப்புறம் இலை உதிர்வு, அப்புறம் வெறும் குச்சி. 1870-களின் கடைசியில் பல தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம், "உங்கள் தோட்டத்துக்கு அடியில் ஓடுவது தங்க ரீஃப்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தோண்டிப் பார்க்க மாட்டார். விற்கப் பார்ப்பார். தேவாலா விவகாரத்தில் விற்றவன் யார், வாங்கியவன் யார் என்பதைப் பார்க்காமல் புவியியலை மட்டும் பேசினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

விற்க ஒரு நல்ல சான்றிதழ் தேவைப்பட்டது. அது ராபர்ட் பிரஃப் ஸ்மித் உருவத்தில் வந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர், அந்த மாகாணத்தின் தங்கவயல்களைப் பற்றி 1869-ல் பெரிய நூல் எழுதியவர். கீழே வேலை செய்தவர்களைப் படுத்தியதாக விசாரணை வந்து 1876-ல் பதவியை விட்டவரும்கூட. இந்திய அரசு அவரை 1879-ல் அழைத்தது, அறிக்கை 1880-ல் வெளிவந்தது. ரீஃப்கள் ஏராளம், பொன் பரவலாக இருக்கிறது, டன்னுக்கு அவுன்ஸ் கணக்கில் காட்டிய மாதிரிகள் உண்டு என்பதுதான் லண்டனில் போய்ச் சேர்ந்த செய்தி.

அப்புறம் நடந்ததை விவரிக்கவே வேண்டாம், பங்குச் சந்தையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கம்பெனி மேல் கம்பெனி. காப்பித் தோட்டங்களை ஏக்கருக்குக் கற்பனை விலை பேசி வாங்கினார்கள். திரட்டிய மூலதனத்தில் பெரும்பகுதி தோட்டத்தை விற்றவர்களுக்கும் கம்பெனியைக் கிளப்பிவிட்டவர்களுக்கும் ரொக்கமாகவும் பங்காகவும் போனது. சுரங்கத்துக்கென்று மிஞ்சியது கொஞ்சம்தான். பந்தலூரில் கடைகள், தங்கும் விடுதி, குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. இன்று பந்தலூர் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் அந்தக் குதிரைகளை நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் சிரமம்.

சரி, அந்த அவுன்ஸ் கணக்குக்கு வருவோம். கதையின் மையம் இதுதான்.

அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். நம் கணக்கில் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு ஒரு அவுன்ஸ் என்றால், ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடிக்குச் சற்றே குறைவான ஒரு கனசதுர வெங்கச்சங்கல்லை முழுக்க மாவாக இடித்தால் அதிலிருந்து நாலு பவுன் வரும். அந்தக் காலத்துக்கு அது அருமையான கல். இதை எப்படி அளந்தார்கள்?

கல் துண்டை இடித்துப் பொடியாக்கி, அதில் ஏறக்குறைய 30 கிராம் எடுத்துக்கொள்வார்கள். அதோடு ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம், கொஞ்சம் கரி அல்லது மாவு சேர்த்துக் களிமண் மூசையில் போட்டு உலையில் வைப்பார்கள். கல் உருகிக் கண்ணாடிபோல மேலே மிதக்கும். ஈயம் துளித்துளியாகக் கீழே இறங்கும்போது வழியில் இருக்கும் தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் ஒரு குண்டாக நிற்கும். ஆறியதும் உடைத்து அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடாக்கினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடைசி நொடியில் கிண்ணத்தின் நடுவில் பளிச்சென்று ஒரு மின்னல், ஒரு பொட்டு. அந்தப் பொட்டிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போட வேண்டும். நம் தட்டார்கள் புடம் போடுவதன் அண்ணன் முறை. முறையில் குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் தங்கத்துக்கு நம்பகமான சோதனை இதுதான்.

குறை அந்த 30 கிராமில் இருக்கிறது. ஒரு கடுகை நூறாக உடைத்தால் வரும் ஒரு துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர். அது தங்கமாக இருந்தால் எடை ஏறக்குறைய அரை மில்லிகிராம். அந்த ஒற்றைத் துணுக்கு 30 கிராம் பொடிக்குள் விழுந்துவிட்டால் சோதனை சொல்லும் விடை: டன்னுக்கு 17 கிராம். அரை அவுன்சுக்கும் மேல்! விழாவிட்டால் விடை பூஜ்யம். ஒரே கல்லை இரண்டாக உடைத்து இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் பணக்காரர், ஒருவர் ஏழை. துகள் பெரிதாகவும் அரிதாகவும் இருக்கும் ரீஃப்களில் இந்தத் தொல்லை அதிகம். நூற்றுக்கணக்கில் மாதிரி எடுத்துச் சராசரி பார்த்தால் ஒழிய உண்மை தெரியாது.

அது தற்செயல். இன்னொன்று கண் செய்யும் வேலை. மாதிரி எடுக்கப் போகிறவர் ரீஃபின் ஓரமாக நடந்து போகிறார். ஒரு பக்கம் பால்போல வெறுமையான வெள்ளைக் கல். இன்னொரு பக்கம் துரு படிந்து, தேன்கூடுபோல ஓட்டை விழுந்து, பழுப்பாக இருக்கும் கல். பழகிய எவரும் பழுப்பைத்தான் குனிந்து எடுப்பார். அதில்தான் பொன் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை, தன் அனுபவத்தைப் பயன்படுத்தினார். பையில் சேர்ந்ததோ ரீஃபின் நூற்றில் ஒரு பங்கு நல்ல கல். அறிக்கையைப் படித்தவர்கள் அதையே மொத்த ரீஃபின் தரமாக எடுத்துக்கொண்டார்கள். தோட்டக்காரரே மாதிரியைப் பொறுக்கிக் கொடுத்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பழுப்புக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஆழத்தில் தங்கம் இருப்பது பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகக் கல்லோடு பின்னிப் பிணைந்து. மேல்மட்டத்தில், மழையும் காற்றும் எட்டுகிற அளவுக்கு, இந்தப் பைரைட் துருப்பிடித்துக் கரைந்துவிடும். அது இருந்த இடம் ஓட்டையாகும், உள்ளே சிக்கியிருந்த தங்கம் விடுபட்டு நிற்கும். கல்லின் எடை குறைந்து தங்கம் அப்படியே இருப்பதால் தரமும் உயரும். தேவாலாவின் மழைக்கு இந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. ஆக மேலே இருப்பது வளமான, சுலபமாக இடிபடுகிற, அலசினால் கிடைக்கிற தங்கம். அதைத்தான் குறும்பர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்தார்கள், கண்ணுக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் கிட்டத்தட்ட வழித்தே எடுத்துவிட்டார்கள். கம்பெனிகளுக்கு மிஞ்சியது அவர்கள் வேண்டாம் என்று விட்ட ஓரங்களும், தண்ணீர் ஊறும் ஆழமும்.

இடிக்கும் ஆலைகள் வந்தன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் மேற்குக் கரைக்கு, அங்கிருந்து நிலம்பூர்ப் பக்கமாக கார்க்கூர் மலைப்பாதையில் மாட்டு வண்டியில் ஏற்றி நாடுகாணிக்கு. ஆலை என்பது வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் 300, 400 கிலோ. சுழலும் தண்டு ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் போடும், நிமிஷத்துக்கு 70, 80 முறை. கீழே உரலில் கல்லும் தண்ணீரும். அரைபட்ட குழம்பு சல்லடை வழியாகப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் வழிந்தோடும். தங்கத்துளி பட்டதும் பாதரசம் பிடித்துக்கொள்ளும். சில நாளுக்கு ஒருமுறை அந்தப் பிசினைச் சுரண்டி, தோலில் வைத்துப் பிழிந்து, மிச்சத்தை வாலை என்ற வடிகலத்தில் சூடாக்குவார்கள். பாதரசம் 357 டிகிரியில் ஆவியாகிப் போக, கையில் மஞ்சள் பஞ்சுபோல ஒரு கட்டி மிஞ்சும். அந்த உலக்கைகளின் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது என்பார்கள், பக்கத்து ஊருக்கே கேட்கும்.

உலக்கைக்குப் பொறுக்கிய கல் தெரியாது. டன் கணக்கில் கொட்டியதை எல்லாம் இடிக்கும். அப்போதுதான் ரீஃபின் உண்மையான சராசரி தெரிந்தது: டன்னுக்கு ஒருசில பென்னிவெயிட். அவுன்சில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட், 1.55 கிராம்.

இரண்டு பென்னிவெயிட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.1 கிராம், அரைப் பவுன்கூட இல்லை. அன்றைய லண்டன் விலையில் சுத்தத் தங்கம் அவுன்சுக்கு ஏறக்குறைய 4 பவுண்டு 5 ஷில்லிங் (பவுண்டுக்கு 20 ஷில்லிங்). ஆக ஒரு டன் கல்லிலிருந்து வருவது எட்டரை ஷில்லிங், சுமார் ஐந்து ரூபாய். இந்த ஐந்து ரூபாய்க்குள் ஒரு டன் கெட்டிக் கல்லை வெடி வைத்துப் பெயர்த்து, குழியிலிருந்து தூக்கி, ஆலைக்குச் சுமந்து, விறகு எரித்து, பாதரசம் வாங்கி, கார்ன்வாலிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த மேலாளுக்குச் சம்பளம் கொடுத்து, லண்டன் ஆபீஸ் வாடகையும் கட்டி, பங்குதாரருக்கு லாபமும் தர வேண்டும். ஒரு அவுன்ஸ் கல்லுக்குப் போட்ட திட்டத்தில் அதன் பத்தில் ஒரு பங்கு கல் வந்து விழுந்தது.

ஆழத்துக் கல்லில் இன்னொரு இடி. பைரைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் தங்கத்தைப் பாதரசம் தொட முடியாது, கந்தகம் பாதரசத்தையே கெடுத்துப் பொடிப்பொடியாக்கி ஓட விட்டுவிடும். இருந்த கொஞ்சத் தங்கத்திலும் ஒரு பங்கு ஓடையோடு போனது. அதைப் பிடிக்கிற சயனைடு முறை ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது 1887-ல். தேவாலாவுக்கு அது தாமதம்.

காய்ச்சலையும் சொல்லாமல் விடக்கூடாது. வயநாட்டுக் காய்ச்சல் என்றால் அன்று எல்லாருக்கும் பயம். கூலியாட்கள் மழைக்காலத்தில் சமவெளிக்கு இறங்கிப் போய்விடுவார்கள், மேலாட்கள் படுக்கையில். ஆலை சும்மா நிற்கும், செலவு மட்டும் ஓடும். அந்த மலேரியா கொசுவால் வருகிறது என்று மருத்துவர் ரொனால்டு ராஸ் நிரூபித்தது 1897-ல். அதே வருஷம் விடுப்பில் நீலகிரிக்கு வந்து சீகூர் மலைப்பாதைப் பக்கம் ஆராயப் போனவர் தானே மலேரியாவில் விழுந்தார். ஆனால் காய்ச்சலை முதல் குற்றவாளியாக நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கல் நன்றாக இருந்திருந்தால் காய்ச்சலோடும் தோண்டியிருப்பார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் தோண்டினார்கள்.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு தீர்ப்பு தயாராகியிருக்கும்: பழைய குழிகளை நம்பியது முட்டாள்தனம், பழைய குழி என்றால் எடுத்து முடித்த இடம். இங்கேதான் கோலார் வந்து குறுக்கே நிற்கிறது.

அதே 1880. மைசூர் சமஸ்தானத்தில், கோலார் பக்கம். அங்கேயும் பழைய குழிகள், அங்கேயும் மண் அலசிய உள்ளூர்க்காரர்கள். 1802-ல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட் போய்ப் பார்த்து எழுதினார். 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் உரிமை வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் சுரங்க நிறுவனம் உள்ளே வந்தது. லண்டனில் அதே ஜுரம், அதே புதுக் கம்பெனிகள், அதே ஏமாற்றம். சில ஆண்டுகளில் அங்கே தோண்டிய மைசூர் கம்பெனியின் கையில் கடைசி சில ஆயிரம் பவுண்டுதான் மிச்சம், மூடிவிடலாம் என்ற பேச்சு. அந்த மிச்சப் பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்காகச் சுரங்கத்தை நடத்திய கேப்டன் பிளம்மர் பழைய குழிகளுக்குக் கீழே இறங்கிப் போனார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது. 120 வருஷம் ஓடி, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்துவிட்டு 2001 பிப்ரவரி 28-ல் அந்தச் சுரங்கம் மூடியது. அங்கே குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, தர்மபுரிப் பக்கத் தமிழர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அப்படியானால் பழைய குழி என்ற ஒரே சாட்சி ஓரிடத்தில் சரியான வழிகாட்டி, இன்னோரிடத்தில் தவறான வழிகாட்டி. மேலே நின்று பார்த்து இரண்டையும் பிரிக்க அன்று வழியில்லை. கோலார் ரீஃப்கள் கறுப்பான ஹார்ன்பிளெண்டு பாறைப் பட்டைக்குள் மைல் கணக்கில் நீண்டு, ஆழம் போகப் போகவும் தரம் விடாமல் இறங்கின. தேவாலாவில் ரீஃப்கள் கிடப்பது நைஸ் எனப்படும் வரிவரியான பாறைக்குள். கல் நிறைய, சில இடங்களில் நல்ல அகலமும் உண்டு, ஆனால் தங்கம் அங்கங்கே திட்டுத் திட்டாக. இது தோண்டிய பிறகு தெரிந்த சங்கதி. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும் என்று 1880-க்காரர்களைத் திட்டுவது நியாயமில்லை.

அவர்களைத் திட்ட வேறு விஷயம் இருக்கிறது: செலவழித்த வரிசை. செய்திருக்க வேண்டியது இது: ரீஃபின் மேல் ஒரு குழி, பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக மாதிரி, பிறகு ஐம்பது அறுபது அடி கீழே ஒரு சுரங்கப்பாதை, அங்கும் மாதிரி, ஒரு ஐம்பது டன்னை எடுத்துச் சின்ன ஆலையில் இடித்துப் பார்ப்பது. இவ்வளவுக்கு ஆகும் பணம் சொற்பம், விடையும் ஒரு வருஷத்துக்குள் கிடைத்திருக்கும். நடந்தது தலைகீழ். முதலில் நிலம், பிறகு ஆலை, பிறகு பங்களா, கடைசியில் கல். ஆல்ஃபா 1874-லிருந்து அங்கே உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தது, அது பணக்காரக் கம்பெனி ஆகவில்லை என்பது எவருக்கும் தெரிந்த சேதி. பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தும் முப்பது பேர் மோட்டார் வாங்கி வந்து இறக்கியதுபோல. பங்கு விலை ஏறிக்கொண்டிருக்கும்போது ஆல்ஃபாவின் கணக்கைக் கேட்க யாருக்கு நேரம்?

மோசடியா என்று கேட்டால், சிலருடையது மோசடி. தோட்டத்தை விற்றுக் கப்பலேறியவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் பெரும்பாலோர் தாங்கள் எடுத்த மாதிரியைத் தாங்களே நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொன்னவனைவிட இவன் ஆபத்தானவன், குறுக்கு விசாரணையில் மாட்ட மாட்டான்.

1880-களின் நடுவிலேயே பெரும்பாலான கம்பெனிகள் ஓய்ந்துவிட்டன. 1901-ல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் வந்து, முன்னவர்கள் விட்ட வேலையைச் செய்தார்கள்: ரீஃப் ரீஃபாக, குழி குழியாக, பாளத்தின் முழு அகலத்துக்கும் குறுக்கே வெட்டி மாதிரி எடுத்து, முறையாகச் சோதித்தார்கள். லாபமாகச் சுரங்கம் நடத்தும் அளவுக்குத் தரம் இல்லை என்று முடிந்தது. பிற்காலத்திலும் ஆய்வுத் துறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கோலார் தன் கடைசி ஆண்டுகளில் டன்னுக்கு மூன்று கிராம் அளவுக்கு இறங்கித்தான் கட்டுப்படியாகாமல் மூடியது. தேவாலாவில் ஆலைகள் கண்ட தரமே கிட்டத்தட்ட அதுதான்.

காப்பியும் தங்கமும் போன இடத்தில் தேயிலை வந்தது. 1964 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களைப் பந்தலூர், சேரம்பாடி, கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அன்றைய கம்பெனிகளின் பெயர்களில் கிளென்ராக் போன்ற ஒன்றிரண்டு எஸ்டேட் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பழைய குழிகள் மட்டும் இன்னும் திறந்தே இருக்கின்றன. புதருக்குள் திடீரென்று கிணறுபோல ஒரு வாய், உள்ளே படுக்கையாக ஓடும் சுரங்கம், முழங்கால் தண்ணீர், வௌவால். தேயிலைக் கூலி போதாத வீடுகளிலிருந்து இரவில் சிலர் உளியும் டார்ச்சுமாக இறங்குகிறார்கள். கம்பெனிகள் தூணாக விட்டுப்போன கல்லைக் கொத்துகிறார்கள். மேற்கூரையைத் தாங்குவதே அந்தக் கல்தான், மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. சாக்கில் சுமந்து வந்த கல்லை வீட்டின் பின்னால் இடித்து, அலசி, பாதரசத்தில் பிடித்து அடுப்பில் காட்டுகிறார்கள், அந்தப் புகை போவது சமையல் நடக்கும் அதே அடுப்படிக்கு. போலீசும் வனத்துறையும் வந்து பிடிக்கிறார்கள், சில குழிகளை மூடுகிறார்கள். ஜூனில் மழை இறங்கி நாலு நாள் அடித்தால் மூடிய மண் உள்வாங்கிக் குழியின் வாய் மறுபடி தெரிகிறது.